கேள்வி கேட்ட பிறகுதான் சம்மதம் சொன்னார் மரியா!

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-ம் தேதி கொடி ஏறினால், மாதாவின் பிறந்த நாளான செப்டம்பர் 8-ம் தேதி வரை திருவிழாதான். மதம் பாராமல் அத்தனை பேரும் 'அம்மா' என்று அழைக்கும் மரியாவை, நம்பிக்கைக்கும் கீழ்ப்படிதலுக்கும் முன்மாதிரியாகப் போற்றுகிறது கத்தோலிக்கத் திருச்சபை. கீழ்ப்படிதல் என்றால் வாய் திறக்காமல் தலையாட்டுவதா? மரியாவின் கதை வேறு மாதிரி சொல்கிறது.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரம். கலிலேயாவில் நாசரேத்து என்ற சிற்றூர். யோசேப்புக்கு மண ஒப்பந்தமான இளம்பெண் மரியா. அவரிடம் கபிரியேல் தூதர் வந்து, இறைமகனுக்குத் தாயாகப் போவதாகச் சொல்கிறார். திருமண வாழ்க்கையே தொடங்காத தனக்கு இது எப்படி நடக்கும் என்று கேட்கிறார் மரியா. தூதர் கோபப்படவில்லை. தூய ஆவியின் வல்லமையால் நடக்கும் என்று விளக்குகிறார். அதற்குப் பிறகே இறைவனின் விருப்பத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறார் மரியா.

அதே அதிகாரத்தில் முதிய குரு செக்கரியாவும் தூதரிடம் கேள்வி கேட்கிறார். அவர் கேட்டது, நம்புவதற்கு அத்தாட்சி. அதனால், தன் குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாள் வரை பேச்சிழந்தார். மரியா கேட்டதோ, நடக்கும் விதத்தை. கேள்வி கேட்பதும் சந்தேகப்படுவதும் ஒன்றல்ல!

அந்தச் சம்மதத்தில் ஆபத்தும் இருந்தது. மண ஒப்பந்தமான பெண் பிறர் உறவால் கருவுற்றதாகத் தீர்ப்பானால், மோசேயின் சட்டப்படி கல்லெறிந்து கொல்லவும் இடமுண்டு. யோசேப்பே மரியாவை மறைவாக விலக்கிவிடலாம் என்று முதலில் நினைத்தார். கனவில் தூதர் விளக்கிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார்.

சம்மதித்ததால் வாழ்க்கை எளிதாகிவிடவில்லை. பிள்ளையைக் கிடத்தத் தீவனத் தொட்டி. ஏரோதுக்குப் பயந்து எகிப்துக்கு ஓட்டம். 12 வயதில் காணாமல் போன மகனை மூன்று நாளுக்குப் பின் கோயிலில் கண்டபோது, அவர் சொன்ன பதில் புரியவில்லை. புரியாததையும் மனதில் வைத்துக் காத்திருந்தார் மரியா. கடைசியில் சிலுவையடியிலும் நின்றார்.

இறைவனின் கையில் வெறும் கருவியாக இல்லாமல், நம்பிக்கையோடும் கீழ்ப்படிதலோடும் சுதந்திரமாக ஒத்துழைத்தவர் மரியா என்று 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் விளக்கியது. ஏவாளின் கீழ்ப்படியாமை போட்ட முடிச்சை மரியாவின் கீழ்ப்படிதல் அவிழ்த்தது என்று 2-ம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார் புனித இரேனியு. காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் கத்தோலிக்கர்கள் சொல்லும் மூவேளை செபம், நாசரேத்தில் அவர் கொடுத்த அந்தச் சம்மதத்தைத்தான் நினைவுகூர்கிறது.

கானா ஊர்த் திருமணத்தில் திராட்சை இரசம் தீர்ந்தபோது, குறையை மகனிடம் சொல்லிவிட்டு, அவர் சொல்வதைச் செய்யும்படி பணியாளர்களிடம் கூறினார் மரியா. நற்செய்திகளில் பதிவாகியிருக்கும் அவருடைய கடைசிப் பேச்சு அதுதான். குறையை மறைக்காமல் எடுத்துச் சொல்வது. பிறகு நம்பி விட்டுவிடுவது. வீட்டில் நோயோ கடனோ நெருக்கும் நாளில், மாதா முன் மெழுகுவத்தி ஏற்றி நிற்பவர்கள் செய்வதும் இதைத்தான்!