யார் அளவுக்குச் செய்த வில்?

ஆம்பூரில் ஷூ தைக்கிறவர்களிடம் 'லாஸ்ட்' என்றால் உடனே புரியும். பாதத்தின் வடிவில் செய்த அச்சு அது. அதன்மேல் தோலை இழுத்துப் படியவைத்துத்தான் ஷூ பிறக்கிறது. எட்டாம் நம்பர் அச்சில் பிறந்ததைக் கொஞ்சம் இளக்கலாம். பத்தாம் நம்பராக மாற்ற முடியாது. நெமிலியில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணுக்கு, யாரோ பயன்படுத்திய காம்பவுண்ட் வில் பாதி விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கிச் சரிசெய்துகொள்வதா, காசு சேர்த்துப் புதிது வாங்குவதா? வில்லுக்குள்ளும் ஓர் அச்சு ஒளிந்திருக்கிறது. முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன், சாதாரண வில்லின் இரு நுனிகளையும் அறுத்துவிட்டு அங்கே சக்கரங்களை மாட்டிப் பார்த்தார். காம்பவுண்ட் வில் பிறந்தது அப்படித்தான். 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969-இல் கிடைத்தது. மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்த கருவிக்கு அப்போதுதான் சக்கரம் முளைத்தது!

அந்தச் சக்கரத்துக்குக் 'கேம்' என்று பெயர். கிணற்று ராட்டினத்தின் அச்சாணியை நடுவில் போடாமல் ஓரமாகப் போட்டால் எப்படி இருக்கும்? கயிறு சில இடத்தில் கனக்கும், சில இடத்தில் லேசாக வரும். கேம் அந்தக் கோணலைத் திட்டமிட்டுச் செய்கிறது. நாணை இழுக்கத் தொடங்கும்போது கனம். முழுக்க இழுத்ததும் சக்கரம் திரும்பிப் பெரும்பகுதிக் கனத்தைத் தானே தாங்கிக்கொள்கிறது. இந்தத் தளர்வை 'லெட் ஆஃப்' என்பார்கள். 50 பவுண்டு வில் என்றால் வழியில் ஏறத்தாழ 23 கிலோவை இழுக்க வேண்டும். 25 கிலோ அரிசி மூட்டைக்குச் சற்றே குறைவு. தளர்வு 75 சதவீதமானால், குறிபார்த்து நிற்கும்போது விரலில் இருப்பது ஆறு கிலோகூட இல்லை.

ஆனால் இந்தச் சுகம் ஓரிடத்தில்தான் கிடைக்கும். நாண் எவ்வளவு தூரம் பின்னால் வந்து நிற்கும் என்பதைக் கேம் முடிவு செய்துவிடுகிறது. இதுதான் இழுநீளம், வில்லின் லாஸ்ட். உங்கள் அளவை அறியச் சுவரில் சாய்ந்து இரு கைகளையும் விரியுங்கள். நடுவிரல் நுனியிலிருந்து நுனிவரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுங்கள். 65 அங்குலம் வந்தால் இழுநீளம் 26. பழைய வில் 29-க்குப் பூட்டப்பட்டிருந்தால் முழங்கை எங்கோ போகும், முகம் நாணைத் தேடி அலையும். சில கேம்களில் ஒரு சிறு தகட்டை ஆலன் கீயால் நகர்த்தினாலே அளவு மாறும். (இந்தச் சாவிக்கும் நம் ஆலனுக்கும் தொடர்பில்லை.) வேறு சிலவற்றில் கேமையே மாற்ற வேண்டும், அப்போது பாதி விலை பாதி விலையாக இருக்காது.

இழுவிசை இன்னொரு கதை. வெளிநாட்டில் மான் வேட்டைக்கென்று விற்ற வில்கள் பல 60 முதல் 70 பவுண்டு வரை. இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுப்பதால் வில்லுக்கு வேலை இலக்குப் பலகையில்தான். போட்டி விதி 60 பவுண்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. திருகாணிகளைத் தளர்த்தினால் வழக்கமாகப் பத்து பவுண்டு குறையும். ஆக 70 பவுண்டு வேட்டை வில்லை இறக்கினாலும் விதியின் விளிம்பில்தான் வந்து நிற்கும். புதிதாகப் பழகும் பெண்ணின் தோளுக்கு அது தண்டனை. இங்கே நான் தயங்காமல் வேண்டாம் என்பேன்.

அளவும் விசையும் பொருந்தினால்? கொஞ்சம் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். வில்லின் வளையும் பட்டைகள் கண்ணாடியிழையால் ஆனவை. அவற்றின்மேல் பஞ்சை மெல்ல இழுத்துப் போனால், கண்ணுக்குத் தெரியாத பிளவில் நூல்நூலாகச் சிக்கும். சிக்கினால் பேரத்தைக் கைவிட வேண்டியதுதான். அம்பில்லாமல் நாணை விட்டவர் யாரேனும் அந்த வில்லை வைத்திருந்தால் இப்படிப் பிளக்கலாம். எட்டுக் கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அளவு ஆற்றல், தூக்கிச் செல்ல அம்பில்லாததால் வில்லின் மேலேயே மோதுகிறது. அதனால்தான் மிக லேசான அம்பும் ஆபத்து: 50 பவுண்டு வில்லுக்குக் குறைந்தது 16 கிராம் வேண்டும். ஏறத்தாழ இரண்டு பத்து ரூபாய் நாணயங்களின் எடைதான்; அதுதான் வில்லைக் காக்கிறது.

நாண் நைந்திருந்தால் கவலை வேண்டாம். அது டயர்போலத் தேய்ந்து மாற்றப்படும் பொருள். குண்டு துளைக்காத உடைகளில் வரும் அதே பாலிஎத்திலீன் இழைதான் அதிலும். மாற்றுவதை மட்டும் வீட்டில் முயல வேண்டாம். பட்டைகளை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும்.

கைகளை விரித்து அளக்கும் கணக்கு செல்லாத ஒரு வில்லாளி நம் நாட்டிலேயே இருக்கிறார். ஜம்முவின் கிஷ்த்வாரைச் சேர்ந்த ஷீத்தல் தேவிக்குப் பிறவியிலேயே கைகள் இல்லை. வலது காலால் வில்லைத் தூக்கி, வலது தோளால் நாணை இழுத்து, தாடையால் விடுவிக்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து கலப்பு அணி வெண்கலம் வென்றார். காம்பவுண்ட் வில்தான். அவருடைய இழுநீளம் பாதத்துக்கும் தோளுக்கும் இடையே இருக்கிறது.