நின்ற வண்டியில் நீங்கும் மின்சாரம்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலுள்ள நிலச்சுவான்தார்கள் பலர், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் பொருட்டு இக்காலத்தில் சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்திருக்கின்றனர். செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயமாயினும், கரிசல் நிலத்து மக்காச்சோளமாயினும் பருத்தியாயினும், ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக்கொட்டையாயினும், களத்தைவிட்டுக் கிளம்புவது பெரும்பாலும் இத்தகைய வண்டியிலேயாம். முதல்நாள் மாலையே மூட்டைகளை ஏற்றிவைத்து, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டை விடியுமுன் அடைய வேண்டுமென்று பின்னிரவில் சாவியைத் திருப்பினால், ‘டிக், டிக்’ என்னும் ஓசையன்றி வேறொன்றும் எழாதிருப்பது உண்டு. அன்றைய விலை கைவிட்டுப் போகிறது, ஏற்றுக்கூலி வீணாகிறது, வெங்காயம் மூட்டைக்குள் புழுங்குகிறது.

இந்நிலையில் உடையவர் செய்வது யாதெனில், பேட்டரி செத்துவிட்டதென்று கருதிப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதியதொன்றை வாங்கி வைப்பதேயாம். சில வாரங்கள் கழித்து அதுவும் அவ்வாறே ஆகிறது. உண்மையில் பழுது பேட்டரியில் இல்லாமல், எஞ்சின் நின்றபின்னும் வண்டியின் ஏதோ ஒரு மூலையில் மின்சாரம் ஓயாது செலவாவதில் இருக்கலாம். மதகு ஒழுகும் ஏரிக்குக் கரையை உயர்த்துவதால் பயனில்லை. ஆகவே, புதுப் பேட்டரி வாங்குமுன் ஒழுக்கை அளந்து பார்த்தல் வேண்டும். அதற்குத் தேவையானது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றும், ஓர் இரவுப் பொழுதுமேயாகும்.

எவ்வளவு செலவு இயல்பானது?

நின்றிருக்கும் வண்டியிலும் சிறிது மின்சாரம் செலவாவது குற்றமன்று. கடிகாரம், பாட்டுப் பெட்டியின் நினைவு, எஞ்சினை ஆளும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை உறக்கத்திலும் சிறிதளவு உட்கொள்ளும். பொதுவாக இது 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருக்கும்.

70 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியை உதாரணமாகக் கொள்வோம். 50 மில்லி ஆம்பியர் வீதம் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணியும், மாதமொன்றுக்கு 36 ஆம்பியர்-மணியும் செலவாகும். அதாவது, பழுதே இல்லாத வண்டியாயினும் ஒரு மாதம் சும்மா நின்றால் பேட்டரியில் பாதி தீர்ந்துவிடும். இனி, கேபினுக்குள் 5 வாட் பல்பு ஒன்று அணையாது எரிகிறதென்று கொள்வோம். அஃது உட்கொள்வது ஏறத்தாழ 0.42 ஆம்பியர், நாளொன்றுக்கு 10 ஆம்பியர்-மணி. ஏழு நாளில் பேட்டரி முழுதும் வற்றும். அதற்கு வெகுமுன்னரே, மூன்றாம் நான்காம் நாளிலேயே, எஞ்சினைச் சுழற்றும் வலிமை குன்றிவிடும்.

முதற் சோதனை பேட்டரிக்கே

ஒழுக்கைத் தேடுமுன் பேட்டரி நல்லதா என்று அறிதல் அவசியம். இரவு முழுதும் ஓய்ந்திருந்த வண்டியில், காலையில் மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து இரு டெர்மினல்களிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிரம்பியுள்ளது, 12.4 எனில் முக்கால், 12.2 எனில் பாதி, 12.0 எனில் காற்பங்கே மிச்சம். பின்னர் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். அவ்வாறின்றி 12-க்குச் சற்று மேலேயே நின்றுவிடுமாயின், ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை என்பது பொருள்.

பணச் செலவில்லாத மற்றொரு சோதனையும் உண்டு. பேட்டரியை முழுதும் சார்ஜ் செய்தபின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, வழக்கமாக எத்தனை நாளில் வண்டி படுத்துக்கொள்ளுமோ அத்தனை நாள் காத்திருக்க வேண்டும். மீண்டும் மாட்டியவுடன் எஞ்சின் நன்றாகக் கிளம்பினால் குற்றம் வண்டியின் ஒயரிங்கில் உள்ளது; கிளம்பாவிடின் குற்றம் பேட்டரியினுடையது.

ஒழுக்கை அளக்கும் முறை

சாவியை எடுத்துத் தொலைவில் வைத்து, எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுக. பியூஸ் பெட்டி கேபினுக்குள் இருக்குமாயின், கதவைத் திறந்துவைத்துக்கொண்டே அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவருக. கதவோரச் சுவிட்ச் தனியாக இருந்தால் அதனையும் அழுத்திக் கட்டுக. இல்லையேல் கதவு திறந்ததற்கு எரியும் விளக்கே ஒழுக்கைப்போல் தோன்றி ஏமாற்றும்.

மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் என்று குறித்த துளையில் செருகி, டி.சி. ஆம்பியரில் வைக்க வேண்டும். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே மீட்டரை இணைத்தல் வேண்டும். அங்ஙனம் இணைக்குமுன், அவ்விரண்டையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து வைத்துக்கொள்வது நலம். மின்சாரம் மீண்டும் பாயும் கணத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் விழித்துக்கொண்டு மிகுதியாக இழுக்கும். அப்பளுவை ஒயர் தாங்கும். அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழிந்து அவை உறங்கியபின் ஒயரை எடுத்துவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 விதிப்படி அமைந்த வண்டிகளில் இத்தகைய பெட்டிகள் மிகுதியாதலால் பொறுமை இன்னும் அவசியம். மீட்டர் இணைந்திருக்கையில் எஞ்சினைக் கிளப்ப முயலுதல் ஒருபோதும் கூடாது, மீட்டர் எரிந்துபோம்.

மீட்டர் 0.05 ஆம்பியருக்கு உட்பட்டுக் காட்டினால் கவலையில்லை. 0.3, 0.5 என்று காட்டினால் ஒழுக்கு உண்டென்பது உறுதி.

பியூஸ்தோறும் தேடுதல்

இனி ஒருவர் மீட்டரைப் பார்த்திருக்க, மற்றொருவர் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பார்த்தபின் அதே இடத்தில் மாட்டிவர வேண்டும். தொடங்குமுன் பியூஸ் பெட்டியைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் இடம் மாறாது. எந்தப் பியூஸை எடுத்தவுடன் அளவு சட்டென்று இறங்குகிறதோ, அந்தப் பாதையிலேயே ஒழுக்கு உள்ளது. ஏரியின் மதகுகளை ஒவ்வொன்றாக அடைத்து, எதை அடைத்தபோது வாய்க்காலில் நீர் நின்றதென்று காண்பதைப் போன்றதே இது.

பெரும்பாலும் அகப்படுபவை பின்னால் பொருத்தியவைகளே: நேரே பேட்டரியிலிருந்து இணைப்புக் கொடுத்த பாட்டுப் பெட்டி, கைபேசி சார்ஜர், கூடுதல் முகவிளக்கு, ஜி.பி.எஸ். கருவி, ஒட்டிக்கொண்ட ஹாரன் ரிலே ஆகியவை. இவற்றைச் சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் பெறும் பாதைக்கு மாற்றிவிட்டால் தொல்லை தீரும். சாவி எடுத்தபின்னும் வேலை செய்ய வேண்டிய ஜி.பி.எஸ். கருவியாயின், அதன் செலவைத் தனியே அளந்து, பேட்டரி எத்தனை நாள் தாங்குமென்று கணக்கிட்டுக்கொள்க.

எல்லாப் பியூஸ்களையும் எடுத்தும் அளவு இறங்காவிடின் ஆல்டர்னேட்டரை ஐயுறுக. அதனுள்ளிருக்கும் டயோடுகள், கிணற்றுக் குழாயின் புட்வால்வைப் போல, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே விடுபவை. அவற்றிலொன்று கெட்டால் பேட்டரியின் மின்சாரம் பின்னோக்கி ஒழுகும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முற்றும் நீக்கியபின், ஆல்டர்னேட்டரின் தடித்த கேபிளைக் கழற்றி, அதன் நுனியை ரப்பர் துண்டால் நன்றாகச் சுற்றிவிட்டு மறுபடியும் அளந்தால் உண்மை வெளியாகும்.

சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் நிறைந்த அரியலூர்ப் பக்கத்தில், பேட்டரியின் மேற்புறம் தூசியும் ஈரமும் படிந்து, அதன் வழியே சிறிது மின்சாரம் ஓடுவதும் உண்டு. மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை டெர்மினலிலும் மற்றதைப் பேட்டரியின் மூடிமேலும் தொட்டால் இது தெரியும். சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால், நீர் செல்களுக்குள் புகாதவாறு துடைத்து, உலர்ந்தபின் டெர்மினல்களில் வாசலின் தடவுக.

எச்சரிக்கையும் தற்காப்பும்

பேட்டரியினுள் இருப்பது கந்தக அமிலம். சார்ஜ் ஆகும்போது வெளிப்படும் வாயு தீப்பற்றக்கூடியது. ஆகவே அருகில் பீடி, சுருட்டு கூடா. மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றிவிடுக. கழற்றுகையில் நெகட்டிவை முதலிலும், மாட்டுகையில் அதனை இறுதியிலும் கொள்க. எரிந்த பியூஸுக்குப் பதில் கம்பி சுற்றுவது வண்டியையே எரிப்பதற்கு ஒப்பாகும்.

மானாவாரி மக்காச்சோளம் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கப்பட்டுத் தை வாக்கில் வீடு வருகிறது; முந்திரி பங்குனி, சித்திரையில் முடிகிறது. இடைப்பட்ட மாதங்களில் வண்டி வாரக்கணக்கில் நிற்பதே பேட்டரிக்குப் பெரும் பகை. வற்றிய நிலையில் விட்டுவைத்த பேட்டரியின் தகடுகளில் உப்புப் பூத்து இறுகி, பின்னர் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய வலிமை திரும்பாது. ஆதலால் இரு வாரத்திற்கு மேல் நிற்கும் வண்டிக்கு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைப்பதோ, வாரமொருமுறை அரைமணி நேரம் சாலையில் ஓட்டிவருவதோ நலம்.

இம்முறை டிராக்டருக்கும் பொருந்தும். ஊராட்சித் தலைவர்களும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை நடத்துவோரும் ஊருக்கொரு மீட்டர் வாங்கிப் பொதுவில் வைத்து, இளைஞர் இருவருக்கு இதனைப் பழக்கிவைப்பாராயின், அறுவடைக் காலத்தில் ஒரே ஒரு வண்டி நேரத்தில் கிளம்பினாலும் அச்செலவு ஈடாகிவிடும்.