இடம் மாறிய கண்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களின் கரையிலே கரைவலை இழுத்து முடிந்து, மீனைத் தரம் பிரிக்கும் வேளையில், கீரிக்கும் சாளைக்கும் இடையே தட்டையான மீன் ஒன்று அகப்படுவதுண்டு. நாவின் வடிவினதாதலால் அதனை நாக்கு மீன் என்பர். அக்கூட்டத்துட் பெரிதொன்றுக்கு எருமைநாக்கு என்பது பெயர். ஒரு பக்கம் மண்ணின் நிறம், மறுபக்கம் வெண்மை. கண்கள் இரண்டும் ஒரே பக்கத்தில் அமைந்திருக்கும், வாயும் கோணியிருக்கும்.

சில வேளைகளில் இதனினும் விசித்திரமான மீன் தூண்டிலிலோ வலையிலோ சிக்குகிறது. இருபுறமும் கருமை படர்ந்தது ஒன்று. மேற்புறமும் வெளிறிப்போனது ஒன்று. ஒரு கண் பாதி வழியில் உச்சந்தலையிலேயே நின்றுவிட்டது இன்னொன்று. இதனை நோயுற்ற மீன் என்று வீசுவதா, உணவுக்குக் கொள்வதா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஐயம் நீங்க வேண்டுமாயின், ஒழுங்கான மீன் இவ்வடிவத்தை எவ்வாறு அடைகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

எகிப்தில் இவ்வகை மீனை ‘சமக் மூஸா’, அதாவது மூஸா நபியின் மீன், என்று வழங்குவர். கடல் பிளந்தபோது நடுவே அகப்பட்ட மீன் இரு பாதியாயிற்று என்பது அங்கே மக்களிடையே வழங்கும் நாட்டார் கதை. பார்வைக்கு இது பாதி மீன் போலத் தோன்றினும், உண்மையில் முழு மீனே. திருக்கை மேலிருந்து அழுத்தியது போலத் தட்டையானது. அது வயிறு கீழாகக் கிடக்கிறது. நாக்கு மீனோ, வாவல் மீனைப் போலப் பக்கவாட்டில் ஒடுங்கிய உடலை உடையது. வாவல் நிமிர்ந்து நீந்துகிறது. நாக்கு மீன் தன் விலாப்புறத்தைத் தரையில் வைத்துப் படுத்துவிடுகிறது. நாம் அதன் முதுகென்று கருதுவது முதுகன்று. அஃது ஒரு பக்க விலாவே.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு மற்றெல்லா மீன்குஞ்சுகளையும் போலவே இருக்கும். தலையின் இருபுறமும் கண்ணுக்கொன்றாக அமைய, அது நிமிர்ந்தே நீந்தும். வளர்ச்சியின் ஒரு கட்டத்தில் மண்டையோட்டின் எலும்புகள் முறுகத் தொடங்குகின்றன. ஒரு கண் மெல்ல மெல்ல நகர்ந்து, உச்சியைக் கடந்து, மறுபக்கத்தை அடைகிறது. உடல் சாய்கிறது, மீன் தரையை நாடுகிறது. இம்மாற்றத்தை நடத்துவது தைரொயிட் சுரப்பியின் ஓமோன். தவளையின் வாற்பேயைத் தவளையாக்குவதும் இதே ஓமோன்தான்.

நிறமும் இக்காலத்திலேயே பிரிகிறது. மேல்நோக்கிய பக்கத்தில் நிறக்கலங்கள் பெருகுகின்றன. மணலில் அழுந்தும் பக்கம் வெளிறியே நிற்கிறது. மேற்புற நிறமும் தரைக்கேற்ப மாற வல்லது. அமெரிக்க விஞ்ஞானியான சம்னர் என்பவர், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் தட்டை மீன்களைச் சதுரங்கக் கட்டம் போன்ற தளங்களின் மேல் விட்டு ஆராய்ந்து, அவை தம் உடலின் புள்ளிகளைத் தளத்துக்கு இசைய மாற்றுதலை 1911ஆம் ஆண்டு வெளியிட்டார். அம்மாற்றத்துக்கு வழிகாட்டுவது மீனின் கண்ணே.

இனி, விசித்திர மீன்களுக்கு வருவோம். கண்ணின் பயணமும் நிறத்தின் பிரிவும் ஒரே மாற்றத்தின் இரு கூறுகளாதலின், அம்மாற்றம் இடையிற் குழம்பினால் இரண்டும் ஒருங்கே பிறழக்கூடும். இருபுறமும் முற்றாகக் கறுத்த மீனிற் பெரும்பாலும் கண்ணும் உச்சியில் நின்றிருக்கும். முதுகுத் துடுப்பின் முன்முனை கொக்கிபோல் எழுந்து நிற்கும். செயற்கைக் குளங்களில் வளர்க்கப்படும் மீன்களிடையே இப்பிறழ்ச்சி மிகுதி. குஞ்சுப் பருவத்து உணவும் அதற்கொரு காரணமென ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஒளிக்கும் பங்குண்டு. இங்கிலாந்தில் கனிங்ஹாம் என்பவர் தட்டை மீன்களுக்குக் கண்ணாடி வழியே கீழிருந்து ஒளி பாய்ச்ச, வெண்புறத்திலும் நிறம் தோன்றியதை 1893இல் எடுத்துரைத்தார். ஆகவே இது தொற்று நோயன்று. வளர்ச்சியிலே நேர்ந்த ஒரு பிசகு மாத்திரமே. நிறமோ கண்ணோ மாறியது பற்றி இறைச்சி கெடுவதில்லை. புண், அழுகல், துர்நாற்றம் ஆகியவை உள்ள மீனே விலக்கத்தக்கது. அவ்விதி எம்மீனுக்கும் பொருந்தும்.

எனினும் ஓர் எச்சரிக்கை. எருமைநாக்கில், மேலேறிய கண் உச்சி விளிம்பளவில் நின்றுவிடுவதே இயல்பு. அதன் கண்கள் சில மீன்களில் இடப்புறமாகவும், ஏறக்குறைய அதே அளவு மீன்களில் வலப்புறமாகவும் அமைகின்றன. ஆதலின் அவற்றைக் கண்டு பிறழ்ச்சியென்று கொள்ளலாகாது. சிறிய நாக்கு மீன்களிலோ ஒவ்வோர் இனத்துக்கும் உரிய பக்கம் உண்டு. அது மாறியிருந்தால் அரிய காட்சியே.

பாதி வழியில் நிற்கும் இக்கண் ஒரு பெரிய வழக்கிற் சாட்சியாகவும் விளங்குகிறது. படிப்படியாகக் கண் இடம்பெயர்ந்ததாயின் இடைநிலையால் மீனுக்கு என்ன பயன் என்று 1871இல் மைவார்ட் என்னும் அறிஞர் டார்வினை மறுத்தார். டார்வின் 1872ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கு விடை எழுதினார். 2008இல் பிரீட்மன் என்னும் ஆய்வாளர், ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுக்கு முந்திய புதைபடிவங்களில், ஒரு கண் மேலேறத் தொடங்கியும் மறுபுறம் சேராத மீன்களைக் காட்டினார். இடைநிலை மீன்கள் வாழ்ந்தது உண்மையென்று அதனால் தெளிவாயிற்று.

எருமைநாக்குக்கு விஞ்ஞானம் இட்ட பெயரும் தமிழே. தமிழகத்துத் தரங்கம்பாடிக் கரையிலிருந்து சென்ற மீனை ஜெர்மன் அறிஞர்கள் 1801இல் நூலேற்றியபோது, அங்கு வழங்கிய பெயரையே ஏற்று ‘எருமெய்’ என்று பதிந்தனர். ‘செட்டோடஸ் எருமெய்’ என்பதே இன்றும் அதன் உலகப் பெயர். மீனவர் வாய்ச்சொல் ஏட்டில் ஏறியது அவர்கள் அம்மீனை உற்று நோக்கிப் பெயரிட்டமையாலன்றோ?

ஆதலின் விசித்திர மீன் சிக்கும்போது அதனை உடனே எறிந்துவிடாது, பிடித்த நாள், இடம், ஆழம் ஆகியவற்றைக் குறித்து, இருபுறமும் படமெடுத்துக் கடற்றொழிற் பரிசோதகரிடம் காட்டுதல் நன்று. அண்மையிலுள்ள பாடசாலையின் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தாலும் பயனுண்டு. புத்தகப் படத்தில் ஒருமுறை காணும் கண்மாற்றத்தைக் கடலோரப் பிள்ளைகள் கையிலெடுத்துக் காண அது வழிசெய்யும்.