எலிக்கட்டியை நாயோ குழந்தையோ தின்றுவிட்டால்: வைட்டமின் கே1 ஏன் முக்கியம்?

காபிக் கொட்டையைக் காயவைத்து மூட்டை பிடிக்கும் நேரம் இது. மூட்டை, அரிசி, கோழித் தீவனம் எல்லாம் ஒரே அறையில் இருந்தால் எலி வரத்தான் செய்யும். நாகலூரானாலும் மஞ்சக்குட்டையானாலும் கடையில் சுலபமாகக் கிடைப்பது புரோமடையோலோன் 0.005 சதவீதம் கலந்த எலிக்கட்டி. அதை வைக்கும் முன் அதன் முறிவு மருந்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள்.

ரத்தம் உறையத் தேவையான புரதங்களைக் கல்லீரல் செய்வதற்கு வைட்டமின் கே வேண்டும். இது குயினோன் என்ற வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை உடல் புதுப்பித்து மறுபடியும் பயன்படுத்தும். புரோமடையோலோன் அந்தப் புதுப்பிப்பைத் தடுத்துவிடுகிறது. ஏற்கெனவே ரத்தத்தில் உள்ள புரதங்கள் தீரும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 2 முதல் 5 நாட்கள் கழித்துத்தான் ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும், சிறுநீர் சிவக்கும். நாயாக இருந்தால் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும். "நேற்றுத் தின்றது, இன்று நன்றாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து.

இந்த விஷத்தின் கதையே மாட்டுக் கொட்டகையில் தொடங்கியது. அமெரிக்காவில் பூசணம் பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. 1933-ல் விஸ்கான்சின் விவசாயி ஒருவர் உறையாத ரத்தத்தைப் பால் கேனில் எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே போனார். அங்கே கார்ல் லிங்க் குழுவினர் செய்த ஆய்விலிருந்து வந்த வார்ஃபரின், 1948-ல் எலி மருந்தானது. அதே வழியில் வந்த, இன்னும் வீரியமான மருந்துதான் புரோமடையோலோன்.

இதற்கு முறிவு வைட்டமின் கே1. இங்கே ஒரு குழப்பம் வருகிறது. கோழித் தீவனத்தில் சேர்க்கும் கே3, அதாவது மெனடையோன், முழுக்கச் செயற்கையான குயினோன். கோழிக்கு அது சரி. இந்த விஷத்துக்கு அதை நம்பக் கூடாது. "அதுவும் வைட்டமின் கே தானே" என்று தீவன மருந்தைக் கரைத்து ஊற்றாதீர்கள். கீரை கொடுத்தும் சரியாகாது. கே1 கூட ஒரு ஊசியோடு முடிவதில்லை. விஷம் கல்லீரலில் நெடுநாள் தங்குவதால், ரத்தப் பரிசோதனை பார்த்துப் பல வாரங்கள் மருந்து தொடர வேண்டியிருக்கும்.

குழந்தை தின்றது தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழைத்து ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சேலத்துக்கு அனுப்பினால் தயங்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும், நேரம் முக்கியம். நாய் தின்றிருந்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். கையில் மருந்து அட்டை கட்டாயம் இருக்கட்டும். ஏனென்றால், கறுப்புத் தூளாக வரும் துத்தநாக பாஸ்பைடுக்கும், தமிழகத்தில் தடை செய்யப்பட்ட மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கும் கே1 முறிவு ஆகாது. சிகிச்சையே வேறு.

செத்த எலியிலும் விஷம் இருக்கும். அதைத் தின்னும் ஆந்தை, பாம்பு, பூனை எல்லாம் பாதிக்கப்படும். எலி பிடிக்கும் ஆந்தையைக் கொன்றுவிட்டு எலிக்கட்டிக்குச் செலவழிப்பது என்ன கணக்கு? கட்டியை நாய் வாய் நுழையாத மூங்கில் குழாய்க்குள் வையுங்கள். செத்த எலிகளைத் தினமும் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். மிச்சக் கட்டிகளை ஓடையில் வீசாமல், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் அட்டையோடு பூட்டி வையுங்கள்.