கரண்ட் வந்தாச்சு, நெட் ஏன் வரல? ஃபைபர் பெட்டி கண் விழிக்கும் கதை

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "கரண்ட் போயிட்டு வந்தா வைஃபை பேரு போன்ல சீக்கிரம் தெரிஞ்சிடுது. ஆனா நெட் மட்டும் வர மாட்டேங்குது. பெட்டியில பச்சை லைட் சிமிட்டிக்கிட்டே இருக்கு. அந்த நேரத்துல உள்ள என்னதான் நடக்குது?"

நல்ல கேள்வி. ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். நீங்க காத்திருக்கிற ரெண்டு மூணு நிமிஷத்துல பெரும்பகுதி, பெட்டிக்குள்ள இருக்கிற குட்டி கம்ப்யூட்டர் பூட் ஆகுற நேரம். அது போரிங். மீதி இருக்கிற கொஞ்ச நேரத்துலதான், ஒரு கண்ணாடி இழை வழியா வர்ற வெளிச்சத்தை அந்தப் பெட்டி முதல் தடவையா "புரிஞ்சுக்க" ஆரம்பிக்குது. இன்னைக்கு அதைப் பத்திதான்.

நம்ம ஊர் வீடுகளுக்கு வர்ற ஃபைபர் இணைப்புகள்ல பரவலா இருக்கிறது ஜிபான் அப்படிங்கற முறை. அதையே உதாரணமா எடுத்துக்கலாம். உங்க வீட்டுல இருக்கிற பெட்டிக்கு ஓஎன்டி-னு பேரு. எக்ஸ்சேஞ்ச்ல, அதாவது கம்பெனி பக்கம் இருக்கிற மிஷினுக்கு ஓஎல்டி-னு பேரு. ஓஎல்டி-ல இருந்து ஒரே ஒரு ஃபைபர் கிளம்பி தெருவுக்கு வரும். அங்க ஸ்ப்ளிட்டர்னு ஒரு சின்ன சாதனம் அந்த வெளிச்சத்தை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பங்கு போட்டுக் கொடுக்கும். ஸ்ப்ளிட்டருக்கு கரண்டே வேண்டாம். குழாய்த் தண்ணி கிளை கிளையா பிரியிற மாதிரி வெளிச்சம் பிரியும். ஒவ்வொரு கிளையிலும் அளவு குறையும், அவ்வளவுதான்.

எக்ஸ்சேஞ்ச் பக்கத்து லேசர் எப்பவும் நிற்கிறதே இல்ல. உங்க வீட்டுல யாரும் எதுவும் பார்க்கலைன்னாலும் 1490 நானோமீட்டர் அலைநீளத்துல, நொடிக்கு 248 கோடி பிட்டுக்கு மேல ஓடிக்கிட்டே இருக்கும். அதனால உங்க பெட்டி ஆன் ஆகும்போது அதுக்காக யாரும் "ரெடி, ஸ்டார்ட்" சொல்ல மாட்டாங்க. ஓடுற பஸ்ஸுல தொத்திக்கிற மாதிரிதான் அது உள்ள ஏறணும்.

முதல் வேலை, வெளிச்சம் இருக்கா இல்லையான்னு பார்க்கிறது. உள்ள ஒரு ஃபோட்டோடயோட் இருக்கு. வெளிச்சம் பட்டா கரண்ட் தரும். ஆனா எவ்வளவு வெளிச்சம்? பரவலா இருக்கிற ஜிபான் பெட்டிகளுக்கான தர விதிப்படி, மைனஸ் 27 டிபிஎம் வரைக்கும் குறைஞ்சாலும் பெட்டி வேலை செய்யணும். அது வெறும் 2 மைக்ரோவாட். நான் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன்: அந்த அளவுல ஒரு பிட்டுக்கு சராசரியா 6,000 ஃபோட்டான்தான் கிடைக்கும். பெரிய எண் மாதிரி தெரியுது, ஆனா எலக்ட்ரானிக்ஸ் பார்வையில இது கிசுகிசு. அதனாலதான் பெரும்பாலும் அவலான்ச் வகை டயோடைப் போடறாங்க. ஒரு எலக்ட்ரான் கிளம்பினா அது இன்னும் பலதை இடிச்சுக் கிளப்பிவிடும். அதுக்கு சில பத்து வோல்ட் கொடுக்கணும், அந்த வோல்டேஜும் சூட்டைப் பொறுத்து மாறும். மொட்டை மாடி ஷீட்டுக்குக் கீழ மே மாசத்துல இருக்கிற பெட்டிக்கும், ஏசி ரூம்ல இருக்கிற பெட்டிக்கும் ஒரே வோல்டேஜ் சரிப்படாது. பெட்டி முதல்ல தன்னோட சூட்டை அளந்து அதுக்கேத்த மாதிரி வோல்டேஜை ஏத்தணும்.

சரி, வெளிச்சம் வந்தாச்சு. அடுத்த சிக்கல்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு பிட் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது? வெளிச்சம் மட்டும்தான் வருது, அது கூட தனியா ஒரு கடிகாரம் வர்றதில்ல. ஒரு பிட்டோட நீளம் 0.4 நானோ நொடி. அந்த இடைவெளிக்கு நடுவுல சரியா எட்டிப் பார்த்தாத்தான் அது ஒண்ணா சைபரான்னு தெரியும். ஓரத்துல பார்த்தா தப்பாயிடும்.

பெட்டிக்குள்ள ஒரு கிறிஸ்டல் இருக்கு. அது வேகத்தை ஏறக்குறைய சொல்லும். ஆனா "ஏறக்குறைய" பத்தாது. அதனால ரிசீவர் என்ன பண்ணுதுன்னா, வெளிச்சம் சைபர்ல இருந்து ஒண்ணுக்கும் ஒண்ணுல இருந்து சைபருக்கும் மாறுற விளிம்புகளைக் கவனிக்குது. கச்சேரி நடுவுல வந்து உட்கார்ந்தவர் தாளத்தைப் பிடிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? மடியில தட்டிப் பார்ப்பார், கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும், ரெண்டு ஆவர்த்தனத்துல ஒட்டிக்கும். அதே கதைதான். தன் கடிகாரம் முந்துதா பிந்துதான்னு ஒவ்வொரு விளிம்புலயும் பார்த்து, இழுத்து, தள்ளி ஒரு கட்டத்துல பூட்டிக்கும். இதுக்கு ஃபேஸ் லாக்-னு பேரு.

இப்போ ஒரு சந்தேகம் வரணும். தொடர்ந்து ஆயிரம் சைபர் வந்தா? விளிம்பே இருக்காது, தாளம் போயிடும். அதனாலதான் அனுப்புறவர் தரவை ஒரு குறிப்பிட்ட விதிப்படி கலைச்சு அனுப்புறார். இதுக்கு ஸ்கிராம்ப்ளர்னு பேரு. ரகசியத்துக்காக இல்ல மக்களே, நிறைய பேர் அப்படி நினைக்கிறாங்க. விளிம்புகள் அடிக்கடி வரணும், ஒண்ணும் சைபரும் ஏறக்குறைய சமமா இருக்கணும், அதுக்காகத்தான். சமமா இருந்தா, வர்ற வெளிச்சத்தோட சராசரியை எடுத்து "இதுக்கு மேல ஒண்ணு, கீழ சைபர்"னு கோடு போட்டுடலாம்.

பிட் படிக்க வந்தாச்சு. ஆனா இடைவெளியே இல்லாம அச்சடிச்ச புத்தகத்தை நடுப் பக்கத்துல திறந்த மாதிரிதான் இருக்கும். எந்த எழுத்து வரியோட ஆரம்பம்? ஜிபான்ல ஒவ்வொரு 125 மைக்ரோ நொடிக்கும் ஒரு ஃப்ரேம் வரும், நொடிக்கு 8,000. ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரே 32 பிட் வரிசையோட ஆரம்பிக்கும். ஹெக்ஸ்ல எழுதினா பி6ஏபி31ஈ0. ரிசீவர் பிட் பிட்டா நகர்ந்து இந்த வரிசையைத் தேடும். இந்த நிலைக்கு தர ஆவணத்துலயே "ஹன்ட்", அதாவது வேட்டைனுதான் பேரு.

கிடைச்சிட்டா முடிஞ்சதா? இல்ல. 32 பிட்டுக்கு 430 கோடி விதமான வரிசை இருக்கு. 'எவ்வளவு பெரிய எண், தற்செயலா எப்படி வரும்'னு தோணும். ஆனா நொடிக்கு 248 கோடி பிட் ஓடுதே! வகுத்துப் பாருங்க. கலைச்சு அனுப்பின தரவுக்குள்ள சராசரியா ரெண்டு நொடிக்கு ஒரு தடவை அதே வரிசை சும்மா தற்செயலா வந்துடும். அதனால முதல் தடவை கண்டதை ரிசீவர் நம்பாது. சரியா 125 மைக்ரோ நொடி கழிச்சு அதே இடத்துல மறுபடியும் வருதான்னு பார்க்கும். ரெண்டாவது தடவையும் வந்தாத்தான் "சின்க்" நிலை. கோட்டை விட்டதுன்னு ஒத்துக்கிறதுக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை. தொடர்ந்து அஞ்சு தடவை தவறினாத்தான் மறுபடி வேட்டைக்குப் போகும். சேர்றதுக்கு ரெண்டு, பிரியிறதுக்கு அஞ்சு. இந்த வடிவமைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு சின்ன சத்தத்துக்கெல்லாம் இணைப்பு அறுந்துடக் கூடாது இல்லையா.

இதுவரைக்கும் பெட்டிக்குக் கேட்கத்தான் தெரியும். பேச அனுமதி இல்ல. ஒரே ஃபைபர்ல 32 வீடு இருக்கு, எல்லாரும் திருப்பி அனுப்புறது ஒரே 1310 நானோமீட்டர்ல. ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா ரெண்டு பேர் பேச்சும் குப்பை. அதனால ஓஎல்டி அப்பப்போ எல்லா வீட்டையும் ஒரு 250 மைக்ரோ நொடி வாய மூடச் சொல்லிட்டு, "புதுசா யாராவது வந்திருக்கீங்களா?"னு கேட்கும். உங்க பெட்டி தன்னோட சீரியல் நம்பரைச் சொல்லும். அதையும் உடனே சொல்லாது, 48 மைக்ரோ நொடிக்குள்ள குத்துமதிப்பா ஒரு தாமதத்தைத் தானே எடுத்துக்கும். தெருவுக்கே கரண்ட் போயிட்டு ஒரே நேரத்துல வந்தா எல்லா வீட்டுப் பெட்டியும் ஒண்ணாத்தானே எழுந்திருக்கும்? எல்லாம் ஒண்ணா "உள்ளேன் ஐயா" சொல்லாம இருக்கத்தான் அந்தத் தாமதம். அப்பவும் மோதினா அடுத்த சுற்றுல மறுபடி.

அப்புறம் தூரம் அளக்கணும். ஃபைபர்ல வெளிச்சம் ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோ நொடி ஆகும். எக்ஸ்சேஞ்ச் பக்கத்துலயே இருக்கிற வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வீட்டுக்குப் போய் வர 200 மைக்ரோ நொடி, ஒரு ஃப்ரேமை விட அதிகம். அதனால ஓஎல்டி ஒவ்வொரு பெட்டிக்கும் போய் வர்ற நேரத்தை அளந்து, பக்கத்துல இருக்கிறவருக்கு "நீ இவ்வளவு நேரம் காத்திருந்து பேசு"னு ஒரு கணக்கு கொடுக்கும். எல்லா வீடும் ஒரே தூரத்துல இருக்கிற மாதிரி ஆயிடும். இது முடிஞ்சாத்தான் பச்சை லைட் சிமிட்டாம நிற்கும். அப்புறம் வர்ற ஐபி முகவரி, லாகின் எல்லாம் வேற டிபார்ட்மென்ட்.

இப்போ எதிர்ப்பக்கம் வாங்க. நம்ம பெட்டியோட ரிசீவர் ஒரு தடவை விழிச்சா போதும். ஓஎல்டி ரிசீவரோட கதை பாவம். அதுக்கு வெளிச்சம் துண்டு துண்டா வரும். இப்போ பக்கத்து வீடு, அடுத்த கணம் 20 கிலோமீட்டர் வீடு. தர விதிப்படி அது தாங்க வேண்டிய வலிமை வித்தியாசம் 20 டெசிபல், அதாவது 100 மடங்கு. ஒருத்தர் மைக்ல கத்துறார், அவர் முடிச்ச உடனே இன்னொருத்தர் காதுல முணுமுணுக்கிறார், ரெண்டும் புரியணும். முந்தைய வீட்டுக்குப் போட்ட கோடு இந்த வீட்டுக்கு உதவாது. ஒவ்வொரு துண்டுக்கும் புதுசா ஆரம்பிக்கணும். அதுக்காக ஒவ்வொரு துண்டுக்கு முன்னாடியும் 44 பிட் முன்னோட்டம் வரும். மேல்நோக்கிப் போற வேகத்துல அது 35 நானோ நொடி. அதுக்குள்ள வலிமையை அளந்து, கோடு போட்டு, தாளமும் பிடிக்கணும். 32 வீடும் ஒவ்வொரு ஃப்ரேம்லயும் ஒரு தடவை பேசினா, நொடிக்கு 2,56,000 ஸ்டார்ட்டப்!

இதெல்லாம் எப்படி முடியுதுன்னு கேட்டா, ஒரு சின்ன உதவி இருக்கு. நம்ம பெட்டி பேசும்போது தன் சொந்தக் கிறிஸ்டல் வேகத்துல பேசாது, எக்ஸ்சேஞ்ச்ல இருந்து பிடிச்ச அதே தாளத்துலதான் பேசும். அதனால ஓஎல்டிக்கு வேகம் ஏற்கெனவே தெரியும். எந்த இடத்துல அடி விழுதுன்னு மட்டும் கண்டுபிடிச்சா போதும்.

கொஞ்சம் தெருவுக்கு வருவோம். பெரும்பாலான பெட்டிகள்ல எல்ஓஎஸ்-னு ஒரு லைட் இருக்கும். அது சிவப்பா எரிஞ்சா, இவ்வளவு நேரம் சொன்னதுல முதல் படியே நடக்கலைன்னு அர்த்தம். வெளிச்சமே வரல, இல்ல பத்தல. பான் லைட் பச்சையா சிமிட்டிக்கிட்டே இருந்தா வெளிச்சம் வந்திருக்கு, ஆனா பதிவு முடியல. ரெண்டும் வேற வேற நோய்.

எங்க அப்பார்ட்மென்ட்ல கீழ் வீட்டு அக்கா ஆன்லைன்ல டியூஷன் எடுக்கிறவங்க. பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னாடி வாரம் நெட் போச்சு, எல்ஓஎஸ் சிவப்பு. கஸ்டமர் கேர்ல ரெண்டு நாளா சொன்னது ஒண்ணுதான்: "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மேடம்." வெளிச்சம் வராத பெட்டியை நூறு தடவை ஆஃப் ஆன் பண்ணினாலும் வெளிச்சம் எங்கிருந்து வரும்? மூணாவது நாள் அவங்க என்னைக் கூப்பிட்டாங்க. "தம்பி, நீ பேசுப்பா." நான் போன்ல சொன்னது ரெண்டே வரி: "எல்ஓஎஸ் சிவப்பா இருக்கு. பவர் மீட்டரோட லைன்மேனை அனுப்புங்க." சாயங்காலமே அண்ணன் வந்தார். மீட்டர்ல மைனஸ் 31. பெட்டியால படிக்கவே முடியாத அளவு. பெயின்ட் அடிக்க வந்தவங்க ஷூ ரேக்கை சுவரோட ஒட்டித் தள்ளியதுல ஃபைபர் கூர்மையா மடிஞ்சிருந்துச்சு. மடியிற இடத்துல வெளிச்சம் வெளியே கசிஞ்சிடும். அவர் அதை நிமிர்த்தி ஒரு பெரிய வட்டமா சுத்தி விட்டார். மைனஸ் 22. பச்சை சிமிட்டுச்சு, நின்னுச்சு. ஏழு மணி கிளாஸை அக்கா எடுத்துட்டாங்க.

அப்புறம், பிடுங்கின ஃபைபர் முனையைக் கண்ணுகிட்ட வச்சு "லைட் வருதா"னு பார்க்காதீங்க. இது அகச்சிவப்பு. வந்தாலும் உங்களுக்குத் தெரியாது, கண்ணுக்கு மட்டும் தெரியும்.

நேரம் ஆயிடுச்சு. சென்னையில இருந்து போர்ட் பிளேருக்கு 2020 ஆகஸ்ட்ல திறந்த கடலடி கேபிள் மாதிரி நெடுந்தூர இணைப்புகள்ல ரிசீவர் விழிக்கிற விதமே வேற. அங்க ரிசீவருக்குள்ளயே சொந்தமா ஒரு லேசர் இருக்கும், அதை வர்ற வெளிச்சத்தோட கலந்து பார்க்கும். அது அடுத்த எபிசோட்ல.