சொட்டுச் சொட்டாய் ஒரு செலவு

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், கம்பாட்கி மலைப்பாதையின் வளைவு ஒன்றில், எங்கள் காரின் ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது. புனேயிலிருந்து சதாராவுக்குக் குடும்பத்துடன் சென்றுகொண்டிருந்தோம். இரு கைகளாலும் வலிந்து திருப்பி, வண்டியை ஓரங்கட்டினோம். முன்மூடியைத் திறந்து பார்த்தால், பவர் ஸ்டீயரிங் எண்ணெய்க் கலம் வறண்டு கிடந்தது.

இது திடீரென நேர்ந்ததன்று. 2008இல் பதிவான அக்காரின் அடியில், வீட்டு வாகன நிறுத்துமிடத்தில், ஐந்து மாதங்களாகவே செந்நிறச் சொட்டுகள் காணப்பட்டன. பட்டறை ஒன்றில் காட்டியபோது, ஸ்டீயரிங் ரேக் முழுவதையும் மாற்ற வேண்டும், 25,000 ரூபாய் ஆகும் என்றனர். தொகைக்கு அஞ்சி, அவ்வப்போது எண்ணெய் வாங்கி ஊற்றிவந்தோம். அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் கட்டிவரும் வாடிக்கையாளரை வங்கியில் எச்சரிக்கும் நாங்கள், வீட்டில் அதையே செய்துகொண்டிருந்தோம்.

எண்ணெய் செய்யும் வேலை

எஞ்சினால் பெல்ட் வழியே சுழலும் பம்ப், எண்ணெயை மிகுந்த அழுத்தத்துடன் ரேக்குக்கு அனுப்புகிறது. அவ்வழுத்தமே சக்கரங்களைத் திருப்ப நம் கைக்குத் துணை நிற்கிறது. எண்ணெய் தீர்ந்தாலும் ஸ்டீயரிங் இயங்கும். ஆனால் பன்மடங்கு கனக்கும். அதனினும் பெரிய கேடு, பம்புக்கு உயவூட்டுவதும் அதே எண்ணெய்தான் என்பது. வறண்டு ஓடும் பம்ப் உள்ளுக்குள் தேய்ந்துவிடும். திருப்பும்போது எழும் கீச்சொலியும் கலத்தில் காணும் நுரையும் அதன் முன்னறிவிப்புகள். இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் மின்மோட்டாரே இப்பணியைச் செய்வதால், அவற்றில் இவ்வெண்ணெய் இல்லை.

கசிவிடம் எது?

வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த புனேயின் நானா பேட்டையில், மூத்த மெக்கானிக் ஒருவரிடம் காரை ஒப்படைத்தோம். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. ஹோஸ்களையும் இணைப்புகளையும் துடைத்துச் சுத்தம் செய்தார். எண்ணெய் நிரப்பி, எஞ்சினை இயக்கி, ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பச் சொல்லிக் கவனித்தார். எண்ணெய் கலத்துக்குத் திரும்பிவரும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்து, ரப்பர் வெடித்திருந்தது. ரேக்கில் பழுதே இல்லை.

ஹோஸுக்கும் கிளாம்புக்கும் ஆன செலவு 700 ரூபாய். ஆனால் வறண்டு ஓடிய பம்பை மாற்ற 8,000 ரூபாய் ஆயிற்று. கசிவுக்கான விலை 700. எங்கள் தாமதத்துக்கான விலை 8,000.

ஆகவே, சொட்டுகளைக் கண்டதும் இரவில் காரின் அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். கசிவு எப்பகுதியில் என்பது ஓரளவு புலப்படும். உயரழுத்த ஹோஸ் கசிந்தால் ஒட்டுப்போடாமல் மாற்றுவதே முறை. அதன் எண்ணெய் சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பற்றவும் கூடும். ரேக்கின் இருபுறமுள்ள ரப்பர் உறைக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால்தான் ரேக்கின் சீல் பழுது என்று கொள்ளலாம். கையேட்டில் குறிப்பிட்ட எண்ணெயையே ஊற்றுங்கள். பிரேக் எண்ணெயை ஊற்றினால் சீல்கள் உப்பிக் கெடும். கசிவை அடைக்கும் மருந்துகள் தற்காலிகமானவையே. பழுது நீக்கியபின், ஸ்டீயரிங்கை மெல்ல இருபுறமும் திருப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

கணக்கில் கொள்ளவேண்டியவை

வழக்கமான வாகனக் காப்பீடு, தேய்மானத்தாலும் இயந்திரப் பழுதாலும் வரும் செலவை ஏற்பதில்லை. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க வேண்டுமெனில், வாகனம் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். எனவே பழைய காரின் பராமரிப்பு முழுவதும் நம் கைப்பொறுப்பே.

அன்று முதல் காருக்கென மாதம் 1,000 ரூபாய் தொடர் வைப்பில் சேமித்து வருகிறோம். பெருந்தொகை கேட்கப்படும்போது இரண்டாம் மெக்கானிக்கிடமும் கருத்துக் கேட்கிறோம். மாதம் ஒருமுறை, எண்ணெய்க் கலத்தின் அளவுக்கோட்டையும் கணக்குப் புத்தகத்தைப் போலவே பார்த்துவிடுகிறோம்.