அறியாமைக்கு விதிக்கப்படும் கட்டணம்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கும் ஒருவர் நகரின் மையத்தை அடைய மூன்று ரயில்கள் உள்ளன. 'ஹீத்ரோ எக்ஸ்பிரஸ்' பதினைந்து நிமிடங்களில் பேடிங்டன் நிலையத்தைச் சேர்கிறது. உடனடியாகச் சீட்டு வாங்கினால் கட்டணம் 25 பவுண்டு. 2022-இல் தொடங்கிய 'எலிசபெத் லைன்' அதே பேடிங்டனுக்கு ஏறத்தாழ அரை மணி நேரத்தில் செல்கிறது, அதற்கு 13.90 பவுண்டு. 1977 முதல் ஹீத்ரோவைத் தொட்டுச் செல்லும் 'பிக்காடிலி' சுரங்க ரயில் ஒரு மணி நேரத்தில் நகர மையத்துக்குக் கொண்டுசேர்க்கிறது, அதற்கு 5.80 பவுண்டு. (இவையும் கீழே வருபவையும் 2025-இல் நடைமுறையில் இருந்த கட்டணங்கள்.) ஒரு பவுண்டு 115 ரூபாய் என்று கொண்டால், ஏறத்தாழ ஒரே தூரத்துக்கு 2,875 ரூபாயும் 667 ரூபாயும் வசூலிக்கப்படுகின்றன.

அந்த 25 பவுண்டைக் கொடுப்பவர்கள் எல்லோரும் நேரத்தின் அருமை கருதிக் கொடுப்பதில்லை. கணிசமானோர் வேறு வழி இருப்பதை அறியாமல் கொடுக்கிறார்கள். இரவு முழுவதும் விமானத்தில் உறங்காமல், கையில் பெட்டியும் கண்ணில் களைப்புமாக நிற்பவர், முதலில் தென்படும் அறிவிப்புப் பலகையைப் பின்தொடர்வது இயல்பு. வணிகரும் இதை நன்கறிவார். ஒரே சேவையை வெவ்வேறு மக்களுக்கு வெவ்வேறு விலையில் விற்பதைப் பொருளியலில் 'விலை பேதம்' என்கிறோம். வழக்கமாக அது வாங்குவோரின் வசதியைப் பொறுத்து அமையும். சுற்றுலா நகரங்களிலோ அது பெரும்பாலும் வாங்குவோரின் அறியாமையைப் பொறுத்து அமைகிறது.

முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு குறைந்த செலவில் உலகைச் சுற்றும் இளைஞர்கள் இன்று நம்மிடையேயும் பெருகிவருகிறார்கள். மேற்படிப்புக்காகப் பிரிட்டன் செல்வோரும், விடுமுறையில் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோரும் அதே கணக்கைத்தான் போட வேண்டியிருக்கிறது. லண்டன் செலவு மிகுந்த நகரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நகரின் போக்குவரத்துக் கட்டண முறையில் அயலாரின் அறியாமையைத் தண்டிக்காத ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது எப்படி வந்தது, எங்கே முடிகிறது என்பது பயணிகளுக்கு மட்டுமன்றிப் பொதுப் போக்குவரத்தில் அக்கறை கொண்ட எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

1981 மே மாதம் தொழிற்கட்சி லண்டன் பெருநகர் மன்றத்தைக் கைப்பற்றியது; வெற்றிக்குப் பின் கென் லிவிங்ஸ்டன் மன்றத்தின் தலைமையை ஏற்றார். அவ்வாண்டு அக்டோபரில் பேருந்து, சுரங்க ரயில் கட்டணங்கள் சராசரியாக 32 விழுக்காடு குறைக்கப்பட்டன. இழப்பை ஈடுசெய்யச் சொத்து வரி உயர்த்தப்பட்டது. சுரங்க ரயிலே எட்டிப்பார்க்காத புறநகர்ப் பகுதியான பிராம்லியின் உள்ளாட்சி மன்றம், 'எங்களுக்குப் பயன்படாத ரயிலுக்கு நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும்?' என்று வழக்குத் தொடுத்தது. டிசம்பரில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் கட்டணக் குறைப்பு சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தனர். 1982 மார்ச்சில் கட்டணங்கள் ஏறத்தாழ இரட்டிப்பாயின. பயணிகள் எண்ணிக்கை சரிந்தது. சட்டத்துக்கு உட்பட்டு மீண்டும் முயன்ற மன்றம், 1983 மே மாதத்தில் கட்டணங்களை ஓரளவு குறைத்து, 'டிராவல்கார்டு' என்ற சீட்டை அறிமுகப்படுத்தியது. நகரம் மையத்திலிருந்து வெளிநோக்கி மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. சீட்டுக்குரிய காலம் முடியும்வரை அம்மண்டலங்களுக்குள் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் பயணிக்கலாம் என்றானது.

இந்தச் சீட்டு பெரும் முன்னேற்றம்தான். எனினும் அதில் ஒரு குறை இருந்தது. காலையில் சீட்டு வாங்கும்போதே அன்று எத்தனை முறை பயணிப்போம் என்பதைப் பயணி ஊகித்தாக வேண்டும். கூடுதலாக ஊகித்தால் சீட்டுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி வீண். குறைவாக ஊகித்தால் தனித்தனிச் சீட்டுகளுக்குச் செலவு. உள்ளூர்வாசிக்கு அன்றாட வழக்கம் தெரியும், அயலாருக்குத் தெரியாது. மழை வந்தால் அருங்காட்சியகத்திலேயே நாள் கழிந்துவிடும். இந்த ஊகத்தின் இடர் முழுவதும் விவரமறியாதவர் தலையில்தான் விழுந்தது.

2003-இல் 'ஆய்ஸ்டர்' மின்னணு அட்டை வந்தது. 2005-இல் அந்த அட்டையில் நாளொன்றுக்கான உச்சவரம்பு புகுத்தப்பட்டது. பயணி எதையும் முன்கூட்டி முடிவுசெய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் அட்டையைத் தொட்டுச் செல்லலாம். அன்றைய மொத்தச் செலவு குறிப்பிட்ட தொகையை எட்டியதும் இயந்திரமே வசூலிப்பதை நிறுத்திக்கொள்ளும். எந்தச் சீட்டு மலிவு என்று கணக்கிடும் பொறுப்பு பயணியிடமிருந்து நிர்வாகத்துக்கு மாறிவிட்டது. பேருந்துகளில் 2012-லும் சுரங்க ரயிலில் 2014-லும், தொட்டுச் செலுத்தும் சாதாரண வங்கி அட்டைகளும் அனுமதிக்கப்பட்டன. அதன்பின் நேற்று வந்திறங்கியவரும் நாற்பதாண்டு லண்டன்வாசியும் ஒரே விலையைக் கொடுக்கிறார்கள். அண்மைக் காலத்தில் ஏழைக்கும் அயலாருக்கும் ஒருசேர நன்மை செய்த விலைச் சீர்திருத்தங்களில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

கணக்கைப் பார்க்கலாம். நகர மையத்தை உள்ளடக்கிய முதலிரு மண்டலங்களுக்கான நாள் உச்சவரம்பு 8.90 பவுண்டு. முதல் மண்டலத்துக்குள் நெரிசலற்ற நேரத்தில் ஒரு சுரங்க ரயில் பயணம் 2.80 பவுண்டு. மூன்று பயணங்களில் 8.40 ஆகிறது; நான்காவதற்கு 50 பென்னி மட்டும்; ஐந்தாவது முதல் கட்டணமே இல்லை. மாறாக, இயந்திரத்தில் ஒற்றைப் பயணத்துக்குக் காகிதச் சீட்டு வாங்குபவர் ஒவ்வொரு முறையும் 7 பவுண்டு கொடுக்கிறார். காகித வடிவில் இன்னும் விற்கப்படும் ஒரு நாள் டிராவல்கார்டின் விலையோ உச்சவரம்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. பழைய வழிகாட்டி நூல்களை நம்பிச் செல்வோர் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள் என்பது வேடிக்கை.

இதைவிட மலிவானது பேருந்து. எவ்வளவு தூரம் சென்றாலும் 1.75 பவுண்டுதான், இரவிலும் அதே கட்டணம். 2016-இல் தொடங்கி 2018-இல் விரிவாக்கப்பட்ட விதியின்படி, முதல் பேருந்தில் அட்டையைத் தொட்ட ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் மறுகட்டணம் கிடையாது. நாள் முழுவதும் பேருந்திலேயே சுற்றினால் உச்சவரம்பு 5.25 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 600 ரூபாய். 9ஆம் எண் பேருந்து டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து பிக்காடிலி, ஹைடு பார்க் முனை, ராயல் ஆல்பர்ட் அரங்கம் வழியே செல்கிறது. 15ஆம் எண் செயின்ட் பால் பேராலயத்தையும் லண்டன் கோபுரத்தையும் கடக்கிறது. 24ஆம் எண் நாடாளுமன்றத்தின் முன்பாகவே போகிறது. இதே காட்சிகளைத்தான் சுற்றுலாப் பேருந்து நிறுவனங்கள் பல மடங்கு விலைக்கு விற்கின்றன. 2001 டிசம்பர் முதல் தேசிய அருங்காட்சியகங்கள் அனைத்தின் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், லண்டனில் ஒரு நாளைச் செலவிட உண்மையில் தேவைப்படும் தொகை நாம் அஞ்சும் அளவுக்கு இல்லை. தங்குமிடச் செலவு வேறு கதை. அதை இங்கு பேசப்போவதில்லை.

பேருந்தைவிட மலிவானது நடை. இங்கே அயலாரை ஏமாற்றுவது ஒரு வரைபடம். மின்வரைவாளரான ஹாரி பெக் 1931-இல் வரைந்து 1933-இல் வெளியான சுரங்க ரயில் வரைபடம், வடிவமைப்பில் உலகப்புகழ் பெற்றது. நிலையங்களின் வரிசையைத் தெளிவாகக் காட்டுவதற்காகத் தூரங்களை அவர் துணிந்து மாற்றினார். நெருக்கமான மையப்பகுதி விரிந்தது, புறநகர் சுருங்கியது. விளைவு, நடக்கும் தொலைவிலுள்ள நிலையங்களும் வரைபடத்தில் எட்டத்தில் தெரிகின்றன. லெஸ்டர் சதுக்கம், காவென்ட் கார்டன் ஆகிய இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட தூரம் 260 மீட்டர். அதற்கு 2.80 பவுண்டு கொடுத்து, இறங்கி, காத்திருந்து, ஏறி வருவோர் நாள்தோறும் உண்டு. கிலோமீட்டருக்குப் பத்துப் பவுண்டுக்கு மேல் ஆகிறது. வாடகைக் கார்கூட இதற்குமுன் மலிவாகத் தோன்றும். நிலையங்களுக்கு இடையிலான நடை நேரத்தைக் குறிக்கும் வரைபடம் ஒன்றை 2015-இல் போக்குவரத்து ஆணையமே வெளியிட்டது.

மலிவைத் தேடுவதிலும் ஓர் எல்லை உண்டு. 2022 செப்டம்பர் முதல் ஹீத்ரோவுக்கும் நகர மையத்துக்கும் இடையே எல்லா நேரங்களிலும் நெரிசல் நேரக் கட்டணமே வசூலிக்கப்படுகிறது. இதைத் தவிர்க்க, பேருந்தில் ஹாட்டன் கிராஸ் நிலையம் சென்று அங்கிருந்து சுரங்க ரயில் ஏறலாம் என்று பயணிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். பேருந்துக் கட்டணத்தையும் சேர்த்தால் மிச்சமாவது சில பென்னிகளே. இழப்பது பெட்டியுடன் கூடிய அரை மணி நேரம். கையில் பணம் குறைவாகவும் நேரம் மிகுதியாகவும் உள்ள இளைஞருக்குக்கூட இது நட்டக் கணக்கு. வாய்ப்புச் செலவு என்ற கருத்தை வகுப்பில் விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

நெரிசல் நேரத்துக்குக் கூடுதல் விலை என்ற கொள்கையையே குறைகூற முடியாது. கொலம்பியா பல்கலைக்கழகப் பொருளியலாளர் வில்லியம் விக்ரி, நியூயார்க் சுரங்க ரயிலுக்கு இதை 1952-லேயே பரிந்துரைத்தார். அன்று எவரும் செவிசாய்க்கவில்லை. 1996-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள் அவர் காலமானார். வேலைநாள்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் லண்டன் வசூலிக்கும் கூடுதல் கட்டணம் அவர் சிந்தனையின் வழிவந்ததே. ஆனால் விக்ரியின் வாதம் இடநெருக்கடியைப் பற்றியது. நள்ளிரவை நெருங்கும் வேளையில் காலியாக ஓடும் ஹீத்ரோ ரயிலில் என்ன நெரிசல்? கொள்ளைநோய்க் காலத்தில் வருவாய் சரிந்து அரசின் மீட்பு நிதியை நம்பியிருந்த ஆணையம், வாக்குரிமையற்ற வெளியூராரிடம் பணம் திரட்டும் வழியாகவே இதைக் கண்டது என்று கொள்வதே பொருத்தம். 1981-இல் பிராம்லிவாசிகள் வழக்கு மன்றம் சென்றார்கள். விமானத்தில் வந்திறங்குபவருக்கு அந்த வழியும் இல்லை.

உச்சவரம்பின் பயனை முழுமையாகப் பெறச் சில விதிகளை அறிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு ஓர் அட்டை. கணவனும் மனைவியும் ஒரே அட்டையில் செல்ல முடியாது. அதே வங்கிக் கணக்காயினும் அட்டையைக் காலையிலும் கைப்பேசியை மாலையிலும் தொட்டால், இயந்திரம் இருவராகக் கருதி இரு கணக்குகளைத் தொடங்கும். சுரங்க ரயிலில் ஏறும்போதும் இறங்கிய பிறகும் தொட வேண்டும். மறந்தால் அதிகபட்சக் கட்டணம் விழும். பேருந்தில் ஏறும்போது மட்டும் போதும். பேருந்துகளில் 2014 முதல் ரொக்கம் வாங்குவதில்லை. வாரத்துக்கான உச்சவரம்பு முதலிரு மண்டலங்களுக்கு 44.70 பவுண்டு, ஐந்து நாள் செலவில் ஏழு நாளும் சுற்றலாம். ஆனால் அந்த வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிகிறது. வியாழனன்று வந்திறங்கி அடுத்த புதனன்று புறப்படுபவருக்கு அதனால் பயனில்லை. விமானச் சீட்டு எடுக்கும்போதே கவனிக்க வேண்டிய செய்தி இது.

இந்தியாவிலிருந்து செல்வோருக்கு இன்னொரு படியும் உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 முதல் புதிதாக வழங்கப்படும் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தொட்டுச் செலுத்தும் வசதியும் முடக்கப்பட்டே வருகின்றன. புறப்படும் முன் வங்கியின் செயலியில் இரண்டையும் இயக்கிக்கொள்ளாவிட்டால், லண்டன் நிலையத்தின் வாயிற்கதவு திறக்காது. அந்நியச் செலாவணி மாற்றத்துக்காகப் பல வங்கிகள் தனியே ஒரு விழுக்காடு பிடித்துக்கொள்கின்றன. பயணத்துக்கென வாங்கும் செலாவணி அட்டையில் இது பெரும்பாலும் குறையும். ஒரு நாளின் பயணங்களை எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகவே ஆணையம் வங்கிக்கு அனுப்புவதால், ஒவ்வொரு தொடுதலுக்கும் தனிக்கட்டணம் வருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

வங்கி அட்டையே இல்லாதவர்? தந்தையின் கணக்கிலிருந்து பணம் எடுத்துச் செல்லும் மாணவர், அட்டை தொலைந்து ரொக்கத்துடன் நிற்பவர் ஆகியோருக்கு ஆய்ஸ்டர் அட்டைதான் கதி. ஒரு காலத்தில் அதற்குப் பெறப்பட்டது திருப்பித் தரக்கூடிய வைப்புத்தொகை. இன்று பயணக் கட்டணம் நீங்கலாக, அட்டைக்கென்றே 10 பவுண்டு கொடுக்க வேண்டும், கேட்டாலும் திரும்பாது. பேருந்தில் இரண்டு நாள் சுற்றுவதற்கான தொகை, முதல் பயணத்தைத் தொடங்கும் முன்பே கரைந்துவிடுகிறது.